அனந்தநாராயணன் சாரும் நாலாவது ஆளும்

பள்ளிக்கூடத்துக்குப் பொன்விழா மலர் போடுகிறார்களாம். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் என்ற முறையில் என்னிடமும் ஒரு வாழ்த்துச் செய்தி கேட்டார் தலைமையாசிரியர் சிவசண்முகம். நாலு வரி எழுதி, மேலே என் படத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். என் படம் இல்லாத மலர் இந்தத் தாலுகாவில் ஏது? கோயில் கொடை நோட்டீஸ், கபடிப் போட்டித் தட்டி, கல்யாண வாழ்த்து மடல் எல்லாவற்றிலும் என் முகம் இருக்கிறது. பார்த்துப் பார்த்து எனக்கே அலுத்துப்போச்சு. அதனால், "படம் வேண்டாம் சார், நாலு பக்கம் ஒதுக்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன். எழுதித்தர ஆள் வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. இருந்தாலும் இதை என் கையால்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் தமிழய்யா திருத்திக்கொள்ளட்டும். சங்கதியில் கைவைக்கக் கூடாது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். புதுசாக வந்த வாத்திமார்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். என் பெயர் தாணுமாலையன். சாத்தான்குளம் தேரிக்காட்டிலிருந்து தலைச்சுமையோடு சேரன்மகாதேவிக்கு வந்தவன். மானாவாரிக் காட்டில் விளைகிற நிலாவாரை இலையை ஆடுகூடத் திரும்பிப் பார்க்காது. அந்த இலையை நான் காயவைத்து, புடைத்து, சிப்பம் கட்டி ஹாம்பர்க்குக்கும் ஒசாகாவுக்கும் அனுப்புகிறேன். அங்கே அது மலமிளக்கி மருந்து. ஜெர்மன்காரனுக்குக் காலையில் வயிறு லேசாகிறது என்றால் அதில் பாதிப் புண்ணியம் என்னைச் சேரும். இதைச் சொன்னால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். யாருடைய தயவும் இல்லாமல் இந்த ஜில்லாவின் பெயரைச் சாக்கில் அச்சடித்துக் கடல் கடத்தியவன் எத்தனை பேர் இருக்கிறான்?

ஆனால் நான் எழுத வந்தது என்னைப் பற்றி இல்லை. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் நடத்தி, தொண்ணூற்றாறில் ஓய்வுபெற்ற அனந்தநாராயணன் சாரைப் பற்றி.

சாருக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. தினமும் செங்கோட்டை பாசஞ்சரில் வந்து இறங்கி, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்து வருவார். வெயிலடித்தாலும் மழை பெய்தாலும் அந்தக் குடை விரிந்து நான் பார்த்ததில்லை. கேட்டால், "விரிச்சா யாராவது கூட ஒண்டிக்க வருவா. அப்புறம் வேகமா நடக்க முடியாது" என்பார்.

அவரிடம் நான் முதலில் போனது சண்டை போடுவதற்கு. என் மகன் கணேஷ்ராம் பத்தாம் வகுப்பில் வாங்கிய மார்க்குக்கு சயின்ஸ் குரூப் கிடைக்கவில்லை. மூணாங் குரூப்பில் தள்ளிவிட்டார்கள். மூணாங் குரூப் என்றால் அப்போது மாட்டுத்தொழுவம் மாதிரி. எங்கும் இடம் கிடைக்காததெல்லாம் அங்கே அடையும். அதையாவது பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் ராத்திரி சாப்பிட உட்கார்ந்த பயல் தட்டை நீட்டி, "எம்மா, பிரேசிலுக்கு இன்னும் ரெண்டு தோசை போடு" என்றான். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே, என்னலே உளறுத?"

"நான்தாம்ப்பா பிரேசில். சார் குடுத்தாரு. காப்பிக்கொட்டையும் இரும்பும் எங்கிட்டதான் இருக்கு."

மறுநாளே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். உள்ளே நுழையாமல் ஜன்னலோரம் நின்று பார்த்தேன். சார் நாற்காலியில் உட்காரவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே பொருட்காட்சியில் சுற்றுகிறவர் மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

"டேய் ஜப்பான், உங்கிட்ட என்ன இருக்கு?"

"ரேடியோ, காரு, கடியாரம் சார்."

"காருக்குப் பெட்ரோல்?"

"கிடையாது சார்."

"அப்ப யார்கிட்டப் போவே?"

"சவுதிகிட்ட சார்."

சவுதி அரேபியா கடைசி பெஞ்சில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியது.

"சவுதியை எழுப்புங்கடா. அவன் தூங்கினா உலகத்துல பஸ் ஓடாது."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே போய் எப்படிச் சண்டை போடுவது?

அன்றைக்கு இன்னொன்றும் நடத்தினார். ஒரு நாட்டால் எல்லாவற்றையும் நன்றாகச் செய்ய முடிந்தாலும், அது ஏன் சிலதை வெளியிலிருந்து வாங்குகிறது என்பது பாடம். "எங்காத்து ருக்கு என்னைவிட நன்னா சமைப்பா. என்னைவிட வேகமா கிணத்துல தண்ணியும் இறைப்பா. ரெண்டுலயும் நான் மட்டம். ஆனாலும் தண்ணி இறைக்கிறது நான்தான். ஏன்?"

"மாமி அடிப்பாங்க சார்!"

"அது ரெண்டாவது காரணம். முதல் காரணத்தைச் சொல்லு. நான் தண்ணி இறைச்சா அரைமணி கூடுதலா ஆகும், அவ்வளவுதான். நான் சமைச்சா அன்னிக்கு யாருமே சாப்பிட முடியாது. எதுல என் மட்டம் கம்மியோ அதை எனக்குக் குடுக்கறா. அவளுக்கு லாபம், எனக்கும் லாபம். இதுதான்டா உலக வர்த்தகம்."

உலக வர்த்தக அமைப்பு என்று ஒன்று அப்போதுதான் புதிதாக முளைத்திருந்தது. பாடப்புத்தகத்தில் அது கிடையாது. சார் பேப்பரில் வந்ததைக் கத்தரித்துக்கொண்டு வந்து படித்துக்காட்டுவார். பரீட்சைக்கு வருமா என்று பிள்ளைகள் கேட்டால், "பரீட்சைக்கு வராது, உங்காத்து வாசலுக்கு வரும்" என்பார்.

மணி அடித்ததும் வெளியே வந்து என்னைப் பார்த்தார். நான் யார் என்று சொன்னேன். நிலாவாரை என்றதுமே கையைப் பிடித்துக்கொண்டார். சண்டைக்குப் போனவனை உள்ளே கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தார். மேசையில் ஒரு கூழாங்கல் இருந்தது. தாமிரபரணியில் கிடக்குமே, கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு, வழுவழு என்று, நடுவே ஒரு வெள்ளைக்கோடு ஓடும். அதற்கடியில் உலகப்படம் காற்றில் பறக்காமல் கிடந்தது.

"உங்க இலை எந்தத் துறைமுகம் வழியாப் போறது அண்ணாச்சி?"

"வேற எங்கன? தூத்துக்குடிதான்."

"கப்பல்ல ஏத்தறதைப் பார்த்திருக்கேளா?"

"நல்லாக் கேட்டிய போங்க. எத்தனையோ தடவை பாத்தாச்சு. எனக்கு அதெல்லாம் மாட்டுவண்டி பாத்த மாதிரி."

பெருமைக்குத்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பந்தியில் இடம் கிடைக்காமல் நிற்கிற ஆள், சாப்பிட்டுவிட்டுக் கைகழுவ வருகிறவனைப் பார்க்கிற பார்வை. "நான் பார்த்ததில்லை" என்றார். பிறகு கரும்பலகையைக் காட்டினார். இந்தப் பக்கம் ஒரு கரை, அந்தப் பக்கம் ஒரு கரை, நடுவில் கப்பல், மேலே ஏற்றுமதி, கீழே இறக்குமதி என்று அம்புக்குறி. இத்தனை வருஷமாக ஏற்றுமதிப் பாடம் என்றால் அவர் போடுகிற படம் அதுதான். கப்பல் மட்டும் கப்பல் மாதிரியே இல்லை. கவிழ்த்த பணியாரச்சட்டி மாதிரி இருந்தது.

"பசங்க கேலி பண்றா. பார்த்திருந்தா நன்னா வரைஞ்சிருப்பேன்."

தூத்துக்குடி என்ன லண்டனா? காலையில் பஸ் ஏறினால் மத்தியானம் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். விடைத்தாள் திருத்துவதற்காக அந்த ஊருக்கு அவரே பல தடவை போயிருக்கிறார். ஆனால் துறைமுகத்துப் பக்கம் போனதில்லையாம். ஏன் என்று கேட்டதற்கு, "தனியாப் போகக் கால் வரலை அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார். வகுப்போடு போகவேண்டும் என்று வருஷாவருஷம் மனு கொடுத்திருக்கிறார். முன்பு இருந்த ஒரு ஹெட்மாஸ்டர், "மூணாங் குரூப்புக்கு என்னத்துக்கு வே சுற்றுலா? மணிமுத்தாறு அருவியக் காட்டிக் கூட்டிட்டு வாரும், போதும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

அடுத்த மே மாதம் சாருக்கு ஓய்வு. அதற்குள் ஒரு கப்பலில் சரக்கு ஏறுவதைப் பிள்ளைகளோடு நின்று பார்த்துவிட வேண்டும். அது ஒன்றுதான் அவர் கேட்டது. இந்த உலகத்தில் ஒரு மனுஷன் இவ்வளவு சின்ன ஆசையை இத்தனை காலம் வைத்துக்கொண்டிருப்பானா என்று எனக்கு அதிசயமாக இருந்தது. நான் ஆசைப்பட்டதை எல்லாம் அந்தந்த வருஷமே முடித்துவிடுகிற ஆள்.

முடித்துக்கொடுத்தேன். அந்த வருஷம் நான் தலைவராகிவிட்டேன். பொங்கல் கழிந்த கையோடு ஒரு பஸ் பிடித்தேன். என் சரக்கு ஏறுகிற நாளாகப் பார்த்துத் தேதி குறித்தேன். துறைமுகத்து கிளியரிங் ஏஜென்ட் இஸ்ரவேலிடம் டெலிபோனில், "வே, எங்க ஊரு பிள்ளைய வருதாங்க, கப்பல் காட்டணும்" என்று சொல்லிவைத்தேன்.

பஸ் பாளையங்கோட்டையைத் தாண்டும் வரைக்கும் ஒரே பாட்டும் கூத்தும். சார் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ருக்கு மாமி கட்டிக்கொடுத்த புளியோதரைத் தூக்கு மடியில் இருந்தது. சட்டைப் பையில் என்னவோ கனமாகத் தொங்கியது. அவர் அதை ஒரு கையால் பிடித்தபடியே வந்தார்.

வாகைக்குளம் தாண்டியதும் காற்று மாறியது. உப்புவாடை வந்தது. சார் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, நான் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"எங்கப்பா கொழும்புல ஒரு ஜவுளிக்கடையில கணக்கு எழுதினார் அண்ணாச்சி. உலகச் சண்டை முடிஞ்சு ஒருதரம் ஊருக்கு வந்தார். எனக்கு எட்டு வயசு. திரும்பிப் போறப்போ மாமா தூத்துக்குடி வரைக்கும் கொண்டுவிடப் போறதா ஏற்பாடு. 'நானும் கப்பல் பாக்க வரேன்'னு அழுதேன். சரி, வாடான்னுட்டார் அப்பா. அத்தைதான் தடுத்தா. மூணு பேராக் கிளம்பப்படாதுன்னு."

எனக்குப் புரியாமல் இருக்குமா? நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் புறப்படுவது எங்கள் பக்கத்தில் எந்தச் சாதியிலும் கிடையாது. போய்த்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு கல்லை எடுத்து நாலாவது ஆளாகக் கூட வைத்துக்கொள்வோம்.

"நாலாவதா ஒரு கல்லை எடுத்துக்கிடுவோம்லா சார்" என்றேன். "அதே கல்லுதான்" என்றார் சார். "அப்பா சொன்னார், 'ஆத்துக்கு ஓடிப்போய் ஒரு கல்லு எடுத்துண்டு வாடா, நாலாயிடும்'னு. ஓடினேன். படித்துறையில எவ்வளவு கல்லு! ஏதோ ஒண்ணை எடுத்துண்டு வந்திருக்கலாம். ஆனா நாலாவது ஆள் இல்லையா? அப்பாவோட வரப்போற ஆள். நன்னா இருக்கணுமேன்னு தேடினேன். ஒண்ணு ஓரம் உடைஞ்சிருக்கு, ஒண்ணு கறுப்பா இருக்கு. முழங்கால் தண்ணியில இறங்கித் தேடினேன். இது கிடைச்சுது."

பையிலிருந்து எடுத்துக் காட்டினார். மேசைமேல் உலகப்படத்தை அழுத்திக்கொண்டு கிடந்த அதே வெள்ளைக்கோட்டுக் கல்.

"திரும்பி ஆத்து வாசலுக்கு வந்தா வண்டி போயிடுத்து. ஸ்டேஷனுக்கு ஓடினேன். பாதி வழியில ரயில் ஊதித்து."

"அப்பா திரும்பி..."

"மறுவருஷம் தந்தி வந்தது. அங்கேயே காய்ச்சல்ல போயிட்டார்."

பின்சீட்டில் பையன்கள் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் யாருக்கும் ஆறுதல் சொல்லிப் பழகாதவன். வியாபாரிக்கு அந்தப் பேச்சு வராது. தூக்கைத் திறந்து, "ரெண்டு வாய் சாப்பிடுங்க சார்" என்றேன். சாப்பிட்டார்.

உப்பளங்கள் வந்தன. வெள்ளைக் குவியல்களைப் பார்த்துப் பிள்ளைகள் "பனி! பனி!" என்று கத்தினார்கள். துறைமுக வாசலில் இஸ்ரவேல் நின்றார். பஸ்ஸைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, பிள்ளைய வருதாங்கன்னிய. நாலஞ்சு பேருன்னு நெனச்சேன். கல்யாண வீட்டையே கொண்டாந்திருக்கியளே!"

"எல்லாம் நம்ம பிள்ளையதான், விடும் வே."

"அங்கன சங்கிலி ஓடுது, கிரேன் ஓடுது. கப்பலண்டை போக மூணு பேருக்குத்தான் பாஸ். மத்தவுக வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்கலாம்."

நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். என் பேச்சுக்கு மசியாத ஆளை நான் பார்த்தது அன்றைக்குத்தான். மூன்று பேர் என்றால் சரக்குக்காரன் நான் ஒருவன், சார் ஒருவர், மூன்றாவது யார்? வகுப்புக்குள் பெரிய சண்டையாகிவிட்டது. ஜப்பான் முண்டியது, அமெரிக்கா மிரட்டியது. கடைசியில் ஒரு பையன் சொன்னான், "சரக்கு ஹாம்பர்க்குக்குப் போகுது. வாங்குறவ வந்து பாக்க வேண்டாமா? ஜெர்மனி போகட்டும்லே!"

ஜெர்மனி என்பது சித்ரலேகா என்ற பிள்ளை. வகுப்பில் அதிகம் வாய் திறக்காது. எல்லாரும் சேர்ந்து அதை முன்னால் தள்ளினார்கள். பிரேசில் மூஞ்சி தொங்கிப்போச்சு. தலைவர் மகன் என்றால் நடக்கும் என்று எதிர்பார்த்திருந்தான். நான் அவன் பக்கம் பார்க்காமல் கப்பல் பக்கம் திரும்பினேன்.

ஆனால் பழக்கதோஷம், வாய் சும்மா இருக்குமா? "மூணு பேராவா போறது?" என்று சொல்லிவிட்டேன்.

சார் பையிலிருந்து கல்லை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டினார்.

"நாலு பேர் அண்ணாச்சி. கிளம்பலாம்."

சொன்னபோது அவர் முகம் எட்டு வயசுப் பையன் முகம் மாதிரி இருந்தது. பிள்ளைகள் ஏதோ விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

கப்பல் நின்றது. எனக்குப் பழகின காட்சி. சாருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் நானும் ஒழுங்காக அண்ணாந்து பார்த்தேன். நெல்லையப்பர் கோயில் கோபுரத்தைப் படுக்கவைத்த மாதிரி இரும்புச் சுவர். அடியில் சிவப்பு, மேலே கறுப்பு, வெற்றிலை துப்பின மாதிரி துருக்கறை வழிந்திருந்தது. கிரேன் வலையில் என் சிப்பங்கள் எழும்பின. சாக்கில் பெரிய எழுத்தில், வெள்ளைக்காரன் திருநெல்வேலிக்கு வைத்த "டின்னவெல்லி" என்ற பெயரை அச்சடித்திருக்கும். அது வெயிலில் சுற்றிக்கொண்டே மேலே போனது.

"சார், நம்ம ஊரு பேரு ஆகாசத்துல போகுது சார்!" என்று கத்தியது சித்ரலேகா. வருஷம் முழுக்கப் பேசாத பிள்ளை அது.

சார் சிப்பத்தைப் பார்க்கவில்லை. கப்பலின் மேல்விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இரண்டு மூன்று தலைகள் தெரிந்தன. யார், என்ன என்று ஒன்றும் அடையாளம் தெரியாது. எறும்பு மாதிரி இருந்தார்கள்.

"இவ்வளவு உயரமா" என்றார். கொஞ்சநேரம் கழித்து, "வந்திருந்தாலும் முகம் தெரிஞ்சிருக்காது" என்றார். ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி மூச்சு விட்டார். அந்த மட்டில் அவருக்கு நிம்மதி என்றுதான் நான் நினைத்தேன்.

பிறகு அவரே இஸ்ரவேலிடம் கேட்டார். "அந்தக் காலத்துல கொழும்புக்குப் போறவாளும் இங்கேதான் ஏறுவாளா?"

"இதுவா? இது நேத்து கட்டினதுல்லா சார்" என்றார் இஸ்ரவேல். "அப்பம் கப்பல் கரைக்கே வராது. ஆழம் பத்தாது. நாலஞ்சு மைலுக்கு அங்கிட்டு நிக்கும். பழைய துறைமுகத்துல கடலுக்குள்ள நீட்டின பாலம் இருக்குல்லா, அங்கன படகுல ஏத்திக் கொண்டுபோய் விடுவாக."

"பாலத்துல நிக்கறவாளுக்குப் படகுல இருக்கிறவா தெரிவாளா?"

"ஏன் தெரியாது? கைய நீட்டுனா தொட்டுரலாம். எங்க அம்மை அப்படித்தான் குனிஞ்சு எங்க அப்பா தலையத் தடவி அனுப்பி வைப்பா. படகு பைய நவுந்து போற மட்டும் பேசிக்கிட்டே நிக்கலாம்."

இஸ்ரவேல் மனசில் ஒன்றும் இல்லாமல் சொன்னது. சார் தலையை ஆட்டினார். கல்லைப் பிடித்திருந்த கை மட்டும் இறுகியதைப் பார்த்தேன். இத்தனை வருஷமும் அவர் இழந்தது ஒரு பெரிய கப்பல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். இழந்தது அப்பாவுடைய முகத்தை, அதுவும் கைக்கெட்டுகிற கிட்டத்தில், என்று அவருக்கு இப்போதுதான் தெரிகிறது.

வெளியே வந்ததும், "சார், பழைய துறைமுகத்துக்குப் போவமா?" என்று கேட்டேன். டிரைவர் முணுமுணுத்தான். என் பஸ், என் டீசல். போனோம்.

வெயில் சாய்ந்துவிட்டது. பழைய பாலத்தில் தோணிகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. மாலத்தீவுக்கு வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏறிக்கொண்டிருந்தன. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இங்கே வேலியும் இல்லை, பாஸும் இல்லை. "சார், மாலத்தீவை நாம யாருக்கும் குடுக்கலையே!" என்று ஒருத்தி கத்தினாள். ஜப்பானும் சவுதியும் மாலத்தீவுக்கு அடித்துக்கொண்டன.

சார் தனியாக விளிம்புக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன், விழுந்துவிடக் கூடாதே என்று. கீழே ஒரு சின்னப் படகு கிடந்தது. அதில் ஒரு ஆள் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். சார் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குத்தவைத்தார். கல்லைப் பக்கத்தில் வைத்தார். பிறகு வலதுகையைப் பைய நீட்டினார். அந்தப் படகுக்கும் அவர் கைக்கும் எவ்வளவு தூரம் என்று பார்க்கிற மாதிரி.

படகுக்காரன் நிமிர்ந்தான். இறங்கத்தான் கைநீட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டான்.

"ஏறுதியளா ஐயா? வாங்க, பைய வாங்க" என்று எழுந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

சார் ஏறவில்லை. கையை விடவும் இல்லை. படகு அலையில் ஏறி இறங்கியது. அவர் கையும் அதோடு ஏறி இறங்கியது. நான் எத்தனையோ பேருக்குக் கைகொடுத்திருக்கிறேன், மந்திரி வரைக்கும். ஒரு மனுஷன் இன்னொரு மனுஷன் கையை அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

"ஏறலையா ஐயா?"

"இல்லைப்பா. சும்மா தூரம் பார்த்தேன்."

படகுக்காரன் என்னைப் பார்த்தான். நான் கண்ணைக் காட்டினேன். அவனாகக் கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே நின்றான். நல்ல பிள்ளை. சார்தான் கடைசியில் விட்டார். கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"கடல்ல போட்டிருதியளோன்னு நெனச்சேன்" என்றேன்.

"இதையா? நாலாவது ஆளை எப்படி விட்டுட்டுப் போறது அண்ணாச்சி?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாட்டு இல்லை. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். தூத்துக்குடியில் வாங்கின மக்ரூன் பொட்டலம் பிரிகிற சத்தம் மட்டும் கேட்டது. சார் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "ஏதோ ஒரு கல்லை எடுத்துண்டு ஓடி வந்திருக்கலாம்."

அதற்கு மேல் அவருக்கு வகுப்பு அதிகம் இல்லை. பரீட்சை வந்துவிட்டது. அவருடைய கடைசி வகுப்பு அன்றைக்கு நானும் போயிருந்தேன், சால்வை போர்த்துவதற்கு. கரும்பலகையில் வழக்கமான படம் இருந்தது. இரண்டு கரை, நடுவில் கப்பல். கப்பல் இப்போது கப்பல் மாதிரியே இருந்தது. சொன்னபடி வரைந்துவிட்டார். ஆனால் இந்தக் கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் புதிதாக ஒரு சின்னப் படகு. அதில் ஒரு ஆள். கரையில் ஒரு ஆள்.

"சார், இந்தப் படகு ஏற்றுமதியா, இறக்குமதியா?" என்று கேட்டான் சவுதி. அன்றைக்கு அவன் தூங்கவில்லை.

சார் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"புத்தகத்துல சரக்குக்குத்தான் கணக்கு இருக்கு. ஆள் போறதுக்கும் கணக்கு உண்டு, அதுக்கு வேற தலைப்பு. வழியனுப்பறதுக்குத் தலைப்பு கிடையாது. பரீட்சைக்கு வராது. ஆனா வரைஞ்சுக்கோங்கோ."

எல்லாரும் வரைந்தார்கள். என் மகன் வரைந்த படகு பணியாரச்சட்டி மாதிரி இருந்தது.

அந்த வகுப்புப் பிள்ளைகள் இன்றைக்கு எங்கெங்கோ இருக்கிறார்கள். சவுதி நிஜமாகவே சவுதிக்குப் போய்விட்டான். ஜெர்மனி பாளையங்கோட்டையில் பி.காம். படிக்கிறது. பிரேசில் என் கிடங்கில் கணக்குப் பார்க்கிறான், சுமாராக. கல்லிடைக்குறிச்சியில் இரண்டு ஜப்பான்கள் சந்தித்துக்கொண்டால் இன்றைக்கும், "என்ன ஜப்பான், சௌக்கியமா?" என்றுதான் விசாரிக்கிறார்களாம். வேறு வேறு வருஷத்து ஜப்பான்கள்.

சாருக்கு மகள் பம்பாயில் இருக்கிறாள். கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். ருக்கு மாமிக்குப் போக ஆசைதான். "இவர் ஆத்தங்கரையை விட்டு நகரமாட்டேங்கறார்" என்று என்னிடம் குறைப்படுவாள். நான் சாரிடம் கேட்டால் குடையைக் கக்கத்தில் மாற்றிக்கொண்டு வேறு பேச்சு பேசுவார்.

ஆனால் என் சரக்கு தூத்துக்குடிக்குப் புறப்படுகிற நாள் எப்படியோ அவருக்குத் தெரிந்துவிடும். காலை பாசஞ்சரில் வந்து இறங்கிவிடுவார். கிடங்கு வாசலில் லாரி நிற்கும். சிப்பம் எல்லாம் ஏறி, தார்ப்பாய் போட்டு, கயிறு இறுக்கி முடித்ததும் சார் பைய எழுந்துபோய், பின்பக்கம் தார்ப்பாய்க்கு வெளியே தெரிகிற சிப்பம் ஒன்றில் கைவைத்துக்கொண்டு நிற்பார். "டின்னவெல்லி" என்ற எழுத்தின் மேல்.

என் லாரியை ஒரு நிமிஷம் நிறுத்திவைக்க இந்த ஜில்லாவில் கலெக்டரைத் தவிர யாருக்கும் அதிகாரம் கிடையாது. டிரைவர் சிவசைலத்திடம் மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். "சார் கைய எடுக்கிற மட்டும் வண்டிய எடுக்காதலே."

சில நாள் வெகுநேரம் ஆகிவிடுகிறது. ஆகட்டும். துறைமுகத்துக்கு நான் டெலிபோன் போட்டுச் சொல்லிக்கொள்கிறேன்.